'தாத்தா சொன்னார்' என்பதும் சான்றுதான்: ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேடுவதும் குறித்துவைப்பதும்

'தாத்தா சொன்னார்' என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். எந்தத் தாத்தா, எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், அந்தப் பதிவு இப்போது எங்கே இருக்கிறது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் அது காப்பிக்கடைப் பேச்சு.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைக் கட்டுரைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பலர் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவதுண்டு. இணையத்தில் தேடினால் அதே நான்கைந்து பக்கங்கள்தான் மீண்டும் மீண்டும் வருகின்றன. 'இதைப் பற்றி யாரும் எழுதவில்லை' என்று முடிவுகட்டித் தலைப்பை மாற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் எழுதப்பட்டவை நிறையவே உண்டு. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை, ஒரே மொழியில் இல்லை, ஒரே எழுத்துக்கூட்டலில்கூட இல்லை.

எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரின் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுத முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயர் அவருக்கு உடனே கிடைத்துவிடும். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி அது. பின்னர் உயர்நிலை வகுப்புகளும் அங்கு நடந்தன. 1982இல் அது மூடப்பட்டதோடு சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிக் கல்வியும் முடிவுக்கு வந்தது. அந்தப் பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது.

இவ்வளவும் எல்லாரும் எழுதியதுதான். அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், ஏன் அங்குச் சேர்ந்தார்கள், தம்பி தங்கைகளை ஏன் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 1946இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். கடைசி மாணவர்களே அறுபதை நெருங்கிவிட்டார்கள். சரியாகக் குறித்துவைக்கப்பட்ட ஒரு கல்லூரிக் கட்டுரை, சில விவரங்களுக்கு ஒரே எழுத்துச் சான்றாகிவிடக்கூடும். தவறாகக் குறித்துவைத்தாலும் அப்படித்தான்.

கேள்வியைச் சுருக்கினால் தேடல் விரியும்

'தமிழ்ப் பள்ளிகள் ஏன் மூடப்பட்டன?' என்பது ஒரு புத்தகத்துக்கான கேள்வி. மூவாயிரம் சொல் கட்டுரைக்கு அது தாங்காது. '1960களில் தஞ்சோங் பகார் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளின் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது எப்படி?' என்று சுருக்கினால், எங்கே தேடுவது என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது: அந்தப் பத்தாண்டின் நாளிதழ்கள், கல்வி அமைச்சின் ஆண்டறிக்கைகள், பெற்றோரும் பிள்ளைகளும் தாமே சொன்னவை.

பின்னணிக்கு இரண்டாம் நிலை நூல்கள் போதும். நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்த 1956ஆம் ஆண்டின் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை, 1966இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது, 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டது போன்றவற்றைப் பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை மேற்கோள் காட்டி ஒரு பத்தியில் கடந்துவிடலாம். கட்டுரையின் உழைப்பு அங்கே செலவாகக் கூடாது.

முதல்நிலைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்ற பிரிவினையை மாணவர்கள் சில நேரம் பொருளின் மேல் ஒட்டிய விலைச்சீட்டுபோல் எடுத்துக்கொள்கிறார்கள். நாளிதழ் என்றால் முதல்நிலை, புத்தகம் என்றால் இரண்டாம் நிலை என்று பிரித்துவிடுகிறார்கள். அது கேள்வியைப் பொறுத்தது. பள்ளி மூடப்பட்ட வாரத்தில் வந்த செய்தி, மூடப்பட்ட நிகழ்வுக்கு முதல்நிலைச் சான்று. முப்பது ஆண்டு கழித்து முன்னாள் மாணவர் சந்திப்பை ஒட்டி வந்த நினைவுக் கட்டுரை, அந்த நிகழ்வுக்கு இரண்டாம் நிலைச் சான்றாகலாம். ஆனால் 'அந்தப் பள்ளியை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?' என்பது கேள்வியானால், அதே நினைவுக் கட்டுரை முதல்நிலைச் சான்றாகிவிடும்.

தேடும் சொல்லில்தான் சூட்சுமம்

தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளம்தான் பெரும்பாலோர் முதலில் போகும் இடம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1887இல் வெளிவரத் தொடங்கிய சிங்கை நேசன் வார இதழ், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஆகியவற்றின் மின்னிலக்கப் பக்கங்கள் அதில் உள்ளன. பிந்தைய ஆண்டுகளின் சில இதழ்களை நூலகக் கட்டடத்தில் இருக்கும் கணினிகளில்தான் படிக்க முடியும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கு நேரில் போக ஒரு நாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது. அங்குள்ள லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தின் நூல்களை இரவல் பெற முடியாது. அங்கேயே படித்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

தேடல் பெட்டியில் 'உமறுப் புலவர்' என்று தட்டி, ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. பழைய அச்சுப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது பிழைகள் மலிந்துவிடுகின்றன. தேய்ந்த அச்சு, மடிந்த தாள் ஆகியவற்றோடு, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களும் இயந்திரத்தைத் தடுமாற வைக்கின்றன. அவற்றையெல்லாம் கடந்தாலும் உமறு, உமர், உமறுப்புலவர் என்று எழுத்துக்கூட்டல் மாறிக்கொண்டே இருக்கும். ஆங்கில இதழ்களிலோ உமர், ஓமர், உமரு என்று மூன்று விதம்.

ஆங்கில இதழ்களில் தேடும்போது அந்தக் காலத்தின் சொல்லைப் பயன்படுத்தியாக வேண்டும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தமிழ்ப் பள்ளிகள் 'வெர்னாகுலர்' பள்ளிகள் என்று எழுதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்திகளில் தமிழர்கள் பெரும்பாலும் 'கிளிங்' என்றே குறிக்கப்பட்டார்கள். இன்று அது இழிசொல். கட்டுரையில் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தேடல் பெட்டியில் அதைத் தட்டாத மாணவர் அந்த நூற்றாண்டின் செய்திகளில் பாதியை இழக்கிறார். தேக்கா சந்தையைத் தேடுபவர் 'கண்டாங் கெர்பாவ்' என்றும் தேட வேண்டும். தைப்பூசம், தீமிதி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்ததில்லை. தீமிதியைப் பல நிருபர்கள் பெயரே சொல்லாமல் 'நெருப்பில் நடக்கும் சடங்கு' என்றுதான் எழுதினார்கள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் வேறொரு சிக்கல் உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ஒலிபெயர்க்க ஒரு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் சகரத்துக்கு ஆங்கில 'எஸ்' வராது. 'சி' எழுத்துதான் வரும். முரசு என்பதற்கும் சிங்கப்பூர் என்பதற்கும் அதே கதை. நாம் பேச்சில் பழகிய எழுத்துக்கூட்டலில் தேடினால், அலமாரியில் இருக்கும் புத்தகமும் இல்லை என்றே வரும். இந்த ஒரு விவரம் தெரியாமல் தேடலைக் கைவிட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேராக இருக்க மாட்டார்கள்.

எல்லாத் தேடலும் கைவிட்டால் பழைய வழி ஒன்று இருக்கிறது. தெரிந்த ஒரு தேதியிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு வாரத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது. நேரம் பிடிக்கும். ஆனால் தலைப்புச் செய்தியில் கிடைக்காதது விளம்பரத்தில் கிடைக்கும். பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு, 'ஆசிரியர் தேவை' விளம்பரம், ஆண்டு விழாவுக்கு நன்கொடை அளித்தோர் பட்டியல் ஆகியவற்றை எந்தத் தேடல் பெட்டியும் தானாகக் கொண்டுவந்து தராது.

செய்திக்கும் ஒரு பக்கம் உண்டு

பழைய நாளிதழில் இருந்தால் அது உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ் முரசு, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சிந்தனையோடு பிறந்த இதழ். அதன் 1930களின் பக்கங்களில் கோயில் திருவிழா பற்றிய செய்தியைப் படிப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசனுக்கு வேறொரு பார்வை. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் நடத்திய வேலைநிறுத்தத்தை ஆராய்பவர், அதன் தலைவர் ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றியவர் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதே நிகழ்வை ஆங்கிலேய அதிகாரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் படித்தால் வேறொரு வேலைநிறுத்தம் நடந்ததுபோல் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கட்டுரைக்கு உயிர் வருகிறது.

1942 முதல் 1945 வரையிலான இதழ்கள் ஜப்பானிய ஆட்சியின் கண்காணிப்பில் வந்தவை. அவற்றில் இல்லாத செய்தியும் ஒரு சான்றுதான்.

மலர்களைப் படிக்கும் விதம்

பலர் கண்டுகொள்ளாத புதையல் ஒன்று உண்டென்றால் அது சங்கங்களின் வெள்ளி விழா மலர்களும் கோயில்களின் குடமுழுக்கு மலர்களும்தான். நிர்வாகக் குழுவினர் பெயர்கள், பழைய புகைப்படங்கள், நிலம் வாங்கிய கதை, வரவு செலவுக் கணக்கு என்று வேறெங்கும் கிடைக்காதவை அவற்றில் இருக்கும். சில நூலகத்தில் உண்டு. பல, முன்னாள் செயலாளர்களின் வீட்டு அலமாரிகளில் உண்டு.

ஆனால் மலர் என்பது கொண்டாடுவதற்காக வெளியிடப்படுவது. சங்கம் இரண்டாகப் பிளந்த ஆண்டு அதில் வராது. தோற்ற தலைவரின் படம் சிறிதாக இருக்கும், அல்லது இருக்காது. தொடக்க ஆண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒரு பள்ளி தொடங்கிய ஆண்டு என்பது, தொடங்குவதென்று கூட்டத்தில் முடிவெடுத்த ஆண்டா, முதல் வகுப்பு நடந்த ஆண்டா, அரசாங்கத்தில் பதிவான ஆண்டா? மூன்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும். ஒவ்வொரு சான்றும் ஒவ்வோர் ஆண்டைச் சொன்னால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைப்பது ஆய்வாகாது. எந்தச் சான்று எதைச் சொல்கிறது என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டு, எதை ஏற்கிறோம், ஏன் ஏற்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மலரில் பதிப்பாண்டு இல்லாவிட்டால் 'ஆண்டு குறிப்பிடப்படவில்லை' என்று எழுதி, அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளலாம். அச்சகம் அந்த முகவரியில் இருந்த காலத்தைக் கொண்டு பின்னர் ஆண்டைக் கணிக்க வழியுண்டு. அட்டை, உள்தலைப்புப் பக்கம், பின்பக்கம் மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சர்வசித்து எந்த ஆண்டு?

19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் 'சர்வசித்து வருடம்' என்றால் 1887 ஆகலாம், 1947 ஆகலாம், 2007கூட ஆகலாம். தாள், எழுத்து வடிவம், அச்சகம், நூலில் வரும் பெயர்கள் ஆகியவற்றை வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். தமிழ் முஸ்லிம் புலவர்களின் நூல்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி 1289 என்பது 1872 மார்ச்சில் தொடங்கி 1873 தொடக்கம் வரை நீள்கிறது. எனவே மாதம் தெரியாமல் ஆங்கில ஆண்டை உறுதியாகச் சொல்லக் கூடாது. நூலில் இருப்பதை அப்படியே எழுதிவிட்டுக் கணித்த ஆண்டைத் தனியே தருவது முறை.

ஓர் ஆண்டு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறே சாட்சி. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 1887ஆம் ஆண்டுச் சிங்கை நகர் அந்தாதியே இங்கு அச்சான முதல் தமிழ் இலக்கிய நூல் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்னர் 1872இல் அச்சான முனாஜாத்துத் திரட்டு கவனத்துக்கு வந்ததும் தொடக்கம் 15 ஆண்டு பின்னுக்குப் போனது. ஆனாலும் பழைய நூலைப் பார்த்து எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்கள் இன்னமும் 1887 என்றே எழுதுகிறார்கள். 'முதல் நூல்' என்பதைவிட 'இதுவரை கிடைத்தவற்றுள் பழமையானது' என்று எழுதுபவர், நாளை 1872க்கு முந்தைய ஒன்று கிடைத்தாலும் திருத்த வேண்டியிருக்காது.

பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் பட்டியலில் சேர்ப்பதும் இதே வகைக் குற்றம்தான். ஒருவர் தம் நூலில் எடுத்துக்காட்டிய பழைய வரியை எடுத்தாளும்போது, அந்த இரண்டாமவரின் நூல் வழியாகக் கிடைத்தது என்று சொல்லிவிட வேண்டும். அவர் தவறாக எடுத்தெழுதியிருந்தால் பழி அவரோடு போகும்.

பெயர் எழுதுவதில் பெருங்குழப்பம்

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என எந்த மேற்கோள் முறையைக் கல்லூரி கேட்டாலும், எல்லாம் குடும்பப் பெயர் உள்ள சமூகத்துக்காக உருவானவை. தமிழர் பெயரில் முன்னால் இருப்பது பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. அதனால் தமிழ்ப் பட்டியலில் 'சாரங்கபாணி, கோ.' என்று எழுதுவதே வழக்கம். அகரவரிசையில் சாரங்கபாணி சகரத்தில் வருவார். ஆனால் அடையாள அட்டையில் 'த/பெ' என்று வரும் பெயரை மென்பொருளில் அப்படியே இட்டால், கட்டுரையை எழுதியவர் காணாமல் போய் அவருடைய அப்பா ஆசிரியராகிவிடுவார்.

எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி ஆங்கிலத்தில் 'நா கோவிந்தசாமி' என்றே கையெழுத்திட்டவர். 'நா' என்பது முதலெழுத்து என்று தெரியாத மென்பொருள் அதை முழுப் பெயராக எடுத்துக்கொள்ளும். முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் முழுப் பெயர் செல்லப்பன் ராமநாதன். அவரது நூல்களை நாதன் என்ற பெயரில்தான் தேட வேண்டும், அப்படித்தான் குறிக்கவும் வேண்டும். நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயரே பட்டியலிலும் இருப்பது பொதுவான விதி. மென்பொருள் தயாரித்துத் தரும் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை படிக்காமல் ஒப்படைப்பது ஆபத்து.

குறிப்பெடுக்கும்போதே எல்லா விவரங்களையும் எழுதிக்கொள்வதுதான் பின்னால் தூக்கத்தைக் காப்பாற்றும். நாளிதழ் என்றால் இதழின் பெயர், நாள், பக்கம், தலைப்பு, எழுதியவர் பெயர் இருந்தால் அதுவும், இணைய இணைப்பு, பார்த்த நாள். கோப்பு என்றால் காப்பகத்தின் பெயரும் கோப்பு எண்ணும். 'தேசிய நூலகத்தில் பார்த்தது' என்பது குறிப்பாகாது. ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு ஒரு பக்க எண்ணுக்காக நூலகத்தைத் திறக்கச் சொல்ல முடியாது.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று வகைக் குறிப்புகளைப் பிரித்து வைப்பது நல்லது: சான்றில் உள்ள வரி எழுத்து மாறாமல், அதன் கருத்து சொந்தச் சொற்களில், அதைப் படித்தபோது தோன்றிய எண்ணம். மூன்றும் கலந்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து எது யாருடைய வரி என்று எழுதியவருக்கே தெரியாது. கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளில் கெட்ட எண்ணம் இல்லாதவை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் வரியை மேற்கோள் காட்டுபவர் மூலத்தையும் தந்து, மொழிபெயர்ப்பு யாருடையது என்றும் சொல்ல வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலை மேற்கோளுக்குள் திருத்தக் கூடாது.

இல்லாத நூலைக் காட்டும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் 'சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிகள் பற்றிய பத்து ஆய்வுகளைச் சொல்' என்று கேட்டால் பத்தும் வரும். ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கும். அவற்றில் சில உலகில் எங்குமே இல்லாதவையாக இருக்கலாம். நியூயார்க்கில் 2023இல் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இணையத்தில் குறைவாகவே இருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்த் தலைப்புகளில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். தேடுவதற்கான சொற்களை யோசிக்க அது உதவலாம். ஆனால் நூலகப் பட்டியலில் கண்டுபிடித்து, பக்கத்தைத் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. விக்கிப்பீடியாவுக்கும் அதே விதிதான். கட்டுரையை விட்டுவிட்டு அடியில் உள்ள குறிப்புகளைப் பிடித்துப் போனால் அதில் பயன் உண்டு.

குரல்கள்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவுசெய்து வருகிறது. தமிழில் எடுக்கப்பட்டவையும் அவற்றில் அடங்கும். பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். சிலவற்றுக்கு அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒரு பதிவெண்ணும், அதன் பகுதிகளுக்குச் சுருள் எண்களும் உண்டு. பேசியவர், பேட்டி கண்டவர், நாள், பதிவெண், சுருள் எண் ஆகிய ஐந்தும் அடிக்குறிப்பில் இருந்தால், படிப்பவர் அதே குரலைத் தேடிப் போய்க் கேட்க முடியும்.

அங்கே இல்லாத குரலை மாணவர்தான் பதிவு செய்ய வேண்டும். மனிதர்களைப் பேட்டி காணும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தேவைப்படலாம் என்பதால் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பேசுபவரின் ஒப்புதல் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ இருக்க வேண்டும். பெயரைப் போடலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். 'சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம் பாட்டி' என்று உட்கார்ந்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்வது நாகரிகமும் அல்ல, ஆய்வும் அல்ல.

'அது எந்த வருசம்?' என்று கேட்டால் முதியவர்கள் பலருக்குப் பதில் தெரியாது. 'ஜப்பான்காரன் காலத்துக்கு அப்புறம்' என்பார்கள். அதைத் தவறாக எண்ண வேண்டியதில்லை. ஊரே அறிந்த நிகழ்வுகளைக் கேள்விக்குள் நட்டுவைக்க வேண்டும். 1950 டிசம்பரின் மரியா ஹெர்டோக் கலவரத்துக்கு முன்பா பின்பா? 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ பற்றி எரிந்தபோது எந்த வகுப்பு? 1964 கலவரத்தின்போது பள்ளிக்கூடம் மூடியிருந்ததா? இப்படி இரண்டு மூன்று முளைகள் கிடைத்தால் ஆண்டு தானாக வந்து உட்காரும். பிறகு அந்த ஆண்டின் நாளிதழைப் புரட்டிச் சரிபார்க்கலாம். நினைவும் அச்சும் முரண்பட்டால் இரண்டையும் எழுதலாம். பாட்டியிடம் போய் 'நீங்கள் சொன்னது தப்பு' என்று வாதாட வேண்டியதில்லை.

எழுத்தாக மாற்றும்போது பேச்சைச் செந்தமிழாகத் திருத்தக் கூடாது. கடையநல்லூர்ப் பேச்சு கடையநல்லூர்ப் பேச்சாகவே இருக்கட்டும். நடுவில் வரும் மலாய்ச் சொல்லும் இருக்கட்டும். அதில்தான் அவர் எங்கிருந்து வந்தார், யாரோடு வாழ்ந்தார் என்ற விவரம் இருக்கிறது. ஒலிக்கோப்பின் பெயரில் நாளையும் பேசியவரின் பெயரையோ எண்ணையோ சேர்த்து, இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு பிரதியைக் குடும்பத்துக்கும் கொடுத்துவிட வேண்டும்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லும் இன்னொன்று: பேட்டி முடிந்தது என்று பதிவை நிறுத்தி, தேநீர் குடித்து, செருப்பைத் தேடும் நேரத்தில்தான் வீட்டுக்காரர் 'இது உனக்கு வேணுமா பாரு' என்று அலமாரியைத் திறப்பார். பள்ளி ஆண்டு விழாப் படம், மதிப்பெண் அட்டை, அட்டை கிழிந்த மலர் என்று எது வேண்டுமானாலும் வெளியே வரலாம். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அசலை வாங்கிச் செல்லாமல் அங்கேயே படமெடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தினர் விரும்பினால், இத்தகைய ஆவணங்களைத் தேசிய நூலகத்திடம் கொடுப்பது குறித்து நூலகரிடம் விசாரிக்கலாம்.